எட்டு நாள் ஐஸில் கிடந்த களவா

அலங்காரத்துறைக் கடற்கரையில் பூட்டிக் கிடந்த பழைய ஐஸ் பேக்டரியை ஒரு ஜப்பான்காரர் விலைக்கு வாங்கி, வெள்ளையடித்து, உள்ளே ஒரே மரத்தில் இழைத்த நீளப் பலகையும் அதன் முன்னால் ஒன்பதே ஒன்பது நாற்காலிகளும் போட்டு, மதியம் மட்டும்தான் சாப்பாடு, தலைக்கு ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய் என்று அறிவித்த நாளில் ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் விஷயம் லேசாகப் போயிருக்கும். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டார்கள். மீனை அவிக்கவும் மாட்டாராம், பொரிக்கவும் மாட்டாராம், பச்சையாக விரல் அகலத்துக்கு அரிந்து ஒரு சின்னப் பிடி சோற்றின் மேல் வைத்துக் கையாலேயே நீட்டுவாராம். எண்ணெய் இல்லை, மசாலா இல்லை, கேஸ் செலவு இல்லை, அப்புறம் ஐம்பத்தெட்டாயிரம் எதற்கு என்று ஏலக்கூடத்தில் கேட்டார்கள், கோயில் வாசலில் கேட்டார்கள், கேட்டுக் கேட்டு, அது சாப்பாட்டுக் கடையே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள்.

தங்கம் கடத்துகிறார்கள் என்றது ஒரு கட்சி. கடலுக்கடியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றது இன்னொரு கட்சி. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பெரிய பெரிய கார்களில் வந்தவர்கள் இரண்டு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து, நேரே முக்குக் கடைக்குப் போய் ஆளுக்கு நாலு பரோட்டா தின்றதை ஊரே பார்த்தது. ஐம்பத்தெட்டாயிரத்துக்குத் தின்றவனுக்கு எப்படிப் பசிக்கும்? அதைப் பார்த்த பிறகு, கொஞ்சநஞ்சம் நம்பிக்கொண்டிருந்தவர்களும் சந்தேகக் கட்சியில் சேர்ந்துகொண்டார்கள்.

ஜப்பான்காரரின் பெயர் ஒக்குமுரா. அறுபது வயதிருக்கும், குழந்தையைத் துணியில் சுற்றுவதுபோல் கத்திகளைச் சுற்றி வைத்திருப்பார், பேச்சு கிடையாது. சாப்பாட்டு வேளையில் அந்தக் கடைக்குள் இருந்த ஒரே ஊர்க்காரி கித்தேரி. பித்தப்பை உடையாமல் மீன் கழுவ அந்தக் கரையில் அவளைப்போல் ஆள் இல்லை என்று கேள்விப்பட்டு, கடையின் மானேஜர் ரோஷன் என்ற சென்னைக்காரன் அவளை வேலைக்குச் சேர்த்திருந்தான். பலகைக்குப் பின்னால் ஒரு மூங்கில் தட்டி, தட்டிக்குப் பின்னால் ஒரு கல்தொட்டி, தொட்டிக்கு முன்னால் கித்தேரி. செதிளெடுத்து, குடலெடுத்து, கழுவித் துடைத்துக் கொடுக்க வேண்டும். "உள்ள என்னட்டி நடக்கு?" என்று ஊர் கேட்டால், "மீன் திங்காவ" என்பாள். யாரும் நம்பவில்லை.

ஆனால் சந்தேகத்தில் ஊர் மொத்தத்தையும் தூக்கிச் சாப்பிடக்கூடியவள் அவள்தான். அவளுடைய சந்தேகம் ஜப்பான்காரர் மேல் இல்லை, சொந்தக் கொழுந்தன் தஸ்நேவிஸ் மேல்.

முந்தின வருஷம் மாதா திருவிழா முடிந்த வாரம், கித்தேரியின் புருஷன் இஞ்ஞாசியும் அவன் தம்பி தஸ்நேவிஸும் ஒரே வள்ளத்தில் விடியற்காலையில் தூண்டில் தொழிலுக்குப் போனார்கள். சாயங்காலம் தஸ்நேவிஸ் மட்டும் திரும்பி வந்தான். "நான் தூங்கிட்டேன். முழிச்சிப் பாக்கையில அண்ணன் இல்ல" என்றான். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. போலீசிடமும் அதையே சொன்னான், பங்குச் சாமியாரிடமும் அதையே சொன்னான், கித்தேரி சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் அதையே சொன்னான். பட்டப்பகலில், தூண்டில் போட்டிருக்கும் வள்ளத்தில், தொழில்காரன் எவன் தூங்குவான்? அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பார் இருந்தது. பார் என்றால் கடலுக்கடியில் மீன் அடைந்து கிடக்கும் பாறைத்திட்டு. அதைக் கண்டுபிடித்தவன் கரையிலுள்ள கோபுரத்தையும் பனையையும் அடையாளம் வைத்துக்கொண்டு, பெற்ற பிள்ளைக்குக்கூட நேரம் பார்த்துத்தான் சொல்வான். அந்தப் பாருக்காக அண்ணனைத் தள்ளிவிட்டான் என்று ஊர் முணுமுணுத்தது. கித்தேரி முணுமுணுக்கவில்லை, தெருவில் நின்று சத்தமாகவே சொன்னாள்.

உடல் கிடைக்கவில்லை. பூசைக்குப் பெயர் கொடுக்கச் சொன்ன சாமியாரிடம், "எப்பிடிப் போனாவன்னு தெரியாம எதுக்கு சாமி பூசை?" என்று கேட்டுவிட்டு, தாலியைக் கழற்றாமல் வீட்டுக்கு வந்துவிட்டாள். சந்தேகம் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் பழைய நல்லதையும் விட்டு வைப்பதில்லை. அந்தத் திருவிழா சமயத்தில் அவள் மகளுக்கு டெங்கு வந்து தூத்துக்குடி ஆசுபத்திரியில் கிடந்தபோது, ரத்தத்துக்கு அலைந்ததும் வார்டு வாசலில் தரையில் கிடந்ததும் தஸ்நேவிஸ்தான். அப்போதே மனசில் எதையோ வைத்துக்கொண்டுதான் அப்படி ஓடியிருக்கிறான் என்று இப்போது அவளுக்குத் தோன்றியது. கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் அவன் அவள் வாசற்படியில் ஒரு மீனை வைத்துவிட்டுப் போவான். ஒவ்வொரு நாளும் அவள் அதைத் தெருவில் வீசுவாள். ஒரு வருஷத்தில் அந்தத் தெருப் பூனைகள் நடக்கமுடியாமல் கொழுத்துவிட்டன.

கடை திறந்த மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மதுரை நகைக்கடைக்காரர் ஒருவரின் மனைவி விளமீன் துண்டொன்றை வாயில் வைத்து மென்று விழுங்கியதும், முதுகை நிமிர்த்தி, கண் இமைக்காமல், கட்டையான ஆண் குரலில், "கோபுரமும் ரெட்டப் பனையும் ஒண்ணாச் சேரட்டும்லே, அதுக்குப் பொறவு நங்கூரத்தப் போடு" என்றாள். பிறகு உதட்டைத் துடைத்துக்கொண்டு, வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று புருஷனிடம் சொன்னாள். தான் பேசியது அவளுக்குத் தெரியவில்லை. மற்ற நாற்காலிக்காரர்கள் அதையும் சாப்பாட்டில் ஒரு அம்சம் என்று எடுத்துக்கொண்டு மெல்லக் கைதட்ட, ஒக்குமுரா தலையைச் சற்றே குனிந்துவிட்டு அடுத்த துண்டை அரிந்தார். தட்டிக்குப் பின்னாலிருந்த கித்தேரிக்கு மட்டும் அந்தக் குரல் யாருடையதென்று தெரிந்தது. அது மேலத்தெரு மிக்கேலின் குரல். அந்த விளமீனை அன்று காலையில் கொண்டுவந்து போட்டவனும் மிக்கேல்தான்.

ஒரு மாதத்துக்குள் விவரம் ஊருக்குத் தெளிவாகிவிட்டது. மீன் கடைசியாகக் கேட்ட மனிதப் பேச்சு எதுவோ, அது அதைத் தின்றவரின் வாயிலிருந்து, பேசியவரின் குரலிலேயே வரும். வீட்டில் இத்தனை காலம் தின்கிறோமே, இப்படி நடந்ததில்லையே என்று கேட்டவர்களுக்குக் கோயில் உபதேசியார், குழம்பில் புளி ஏறியதும் மீன் வாயை மூடிக்கொள்ளும், பச்சையாகத் தின்றால் பேசத்தானே செய்யும் என்று விளக்கினார். அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. ஐம்பத்தெட்டாயிரமும் இப்போது நியாயமாகப் பட்டது. "அடுத்தவன் பேச்ச ஒட்டுக்கேக்கதுக்குல்லா துட்டு வாங்குதான்" என்று ஏலக்கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

கடலில் பேசும் பேச்சு கரையில் பேசும் பேச்சில்லை. சுற்றி ஒரு காதும் இல்லை என்ற தைரியத்தில் மாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், சாமியாரைப் பற்றிப் பேசுவார்கள், யாருக்கும் தெரியாத பாரின் அடையாளத்தைச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்வார்கள். அதையெல்லாம் இப்போது பட்டுச்சேலை கட்டியவர்களும் கோட்டு போட்டவர்களும் பேச, பக்கத்து நாற்காலிக்காரர்கள் பரோட்டாக் கடையில் வந்து சிரித்துச் சிரித்துச் சொல்லிக்காட்டினார்கள். மிக்கேலின் ரெட்டைப் பனைப் பாரில் மறுவாரமே ஆறு வள்ளங்கள் நின்றன. நிச்சயமான கல்யாணம் ஒன்று, மாப்பிள்ளை கடலில் வைத்துச் சொன்ன ஒரு வாக்கியத்தால் நின்றது. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சாப்பிட வருகிறார் என்று தெரிந்த அன்று மட்டும் எல்லா வள்ளத்திலும் ஒரே பேச்சைப் பேசினார்கள், அந்த அதிகாரி பதினோரு துண்டு சாப்பிட்டு, பதினோரு குரலில், "கடலு ஊர அரிக்கு, கல்லு கொட்டித் தூண்டில் வளைவு எப்பய்யா கட்டித் தருவிய?" என்று கேட்டுவிட்டு, விருந்தினர் குறிப்பேட்டில் அருமையான உணவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் ஊர்க் கமிட்டி கூடி, வள்ளத்தில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. செபமாவது சொல்லலாமா என்று சிலர் கேட்டார்கள். மனசுக்குள் சொல்லுங்கள் என்றார் சாமியார். அன்று முதல் அலங்காரத்துறை வள்ளங்கள் ஊமையாகக் கடலுக்குப் போய் ஊமையாகத் திரும்பின. கையால் பேசினார்கள், புருவத்தால் பேசினார்கள், பக்கத்து வள்ளத்துக்காரன் கையை ஆட்டினால் அது வணக்கமா வசவா என்று சந்தேகப்பட்டார்கள்.

கடைக்குள்ளும் சத்தம் அடங்கியது. சாப்பிட வந்தவர்கள் மென்று விழுங்கிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரோஷன் கடற்கரைக்கு வந்து, பேசிப் பிடித்த மீனுக்குக் கூடுதல் விலை என்று ஆசை காட்டிப் பார்த்தான். அவன் அப்படிச் சொன்னதாலேயே பேசலாமென்று நினைத்திருந்தவர்களும் வாயை இறுக மூடிக்கொண்டார்கள்.

இப்படி இருக்கையில், பாறை இடுக்கில் வருஷக்கணக்காகக் கிடந்து வயசான ஒரு மீன் ஊமை வள்ளமொன்றில் மாட்டி, கடைக்கு வந்து, கோயம்புத்தூர் மில் முதலாளி ஒருவரின் வாயில் போனது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, "பிள்ளைக்கி ரோஸ் கலர்லதான் கவுன் வேணுமாம்டே" என்றார். இருபது வருஷத்துக்கு முந்தின புயலில் போன தொம்மையின் குரல் அது. புதிதாக யாரும் பேசாததால், கிழட்டு மீன்களின் காதில் பழைய பேச்சு அழியாமல் கிடந்திருக்கிறது. கித்தேரி அன்று வேலை முடிந்ததும் தொம்மையின் மகளைத் தேடிப் போய்ச் சொன்னாள். இரண்டு பிள்ளை பெற்ற அந்தப் பெண் மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தெருவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அதன் பிறகு கதை மாறியது. செத்தவர்களின் குரல் என்று தெரிந்ததும் ரோஷன் ஒரு நாற்காலியின் விலையை ஒரு லட்சத்து இருபதாயிரமாக்கினான். கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்காரர்கள் மதியமானால் ஐஸ் பேக்டரிச் சுவரில் காதை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். உள்ளே துட்டுக் கொடுத்தவர்கள் தின்றார்கள். வெளியே அப்பனையும் புருஷனையும் கொடுத்தவர்கள் வெயிலில் நின்றார்கள். அது பணம் கட்டிய விருந்தாளிகளுக்கு மட்டுமான அனுபவம் என்று சொல்லி, ரோஷன் சுவருக்குள் பஞ்சு வைத்து அடைத்து, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டான். அப்புறம் உள்ளே கேட்டதை வெளியே கொண்டுவர கித்தேரி ஒருத்திதான் இருந்தாள். கேட்டதைக் கேட்டபடி வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். இரண்டு வாரம் நன்றி சொன்னார்கள். மூன்றாவது வாரம், "பாதியச் சொல்லிட்டுப் பாதிய முழுங்குதா" என்று அவளையும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். சந்தேகப்படுவது எப்படி இருக்கும் என்று தெரிந்தவளுக்கு, சந்தேகிக்கப்படுவது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனாலும் அந்தப் பாடத்தைத் தஸ்நேவிஸுக்குப் பொருத்திப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் மிக்கேலின் வள்ளத்தில், பின்னால் இருந்தவன் வயிற்றைக் காட்டிக் கையை ஆட்டினான். பசிக்கிறது, கரைக்குப் போகலாம் என்பது அவன் சொன்னது. தெற்கே இன்னும் போ என்று புரிந்துகொண்டு மிக்கேல் வள்ளத்தைத் தெற்கே விட்டான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கமிட்டித் தீர்மானத்துக்குப் பயந்து இருவரும் முறைத்துக்கொண்டே போய், இதுவரை யாரும் காணாத ஒரு பாரின் மேல் நின்றார்கள். தூண்டிலை இறக்கியதும், ஆள் உயரத்துக்கு ஒரு களவா மீன் ஏறியது. நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கித்தேரியின் கல்தொட்டியில் போட்டார்கள்.

அவள் அதன் வாயைப் பிளந்தாள். மேலுதட்டின் உள்பக்கம், சதை மூடிப்போய் ஒரு பழைய தூண்டில் முள் இருந்தது. முள்ளின் கழுத்தில் சிவப்புச் செம்புக் கம்பி மூன்று சுற்று. எரிந்துபோன மோட்டாரிலிருந்து கம்பி உருவி முள்ளுக்குச் சுற்றுகிற வழக்கம் அந்தக் கரையில் இஞ்ஞாசி ஒருவனுக்குத்தான் உண்டு. கித்தேரி அதைக் கத்தி முனையால் நெம்பி எடுத்து, கழுவி, உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். இந்த மீன் கடைசியாகக் கேட்டது என் புருஷன் பேச்சு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் அதை உடனே அரிய முடியாது. இவ்வளவு பெரிய மீனின் சதை இறுகிக் கிடக்கும், எட்டு நாள் ஐஸில் கிடந்தால்தான் ருசி இறங்கும் என்பது ஒக்குமுராவின் தொழில். பிடித்த அன்றே குழம்பு வைத்துத் தின்கிற ஊருக்கு, எட்டு நாள் பழைய மீனுக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல வார்த்தையே கிடைக்கவில்லை. களவாவைத் துடைத்து, துணியில் சுற்றி, ஐஸ் பெட்டியில் படுக்க வைத்தார் ஒக்குமுரா.

முள்ளை மிக்கேலும் பார்த்திருந்தான், செய்தி பரவியது. மூன்றாம் நாள் தஸ்நேவிஸ் தன் வள்ளத்தின் இஞ்சினைக் கழற்றி விற்றான். ஒரு பிளாஸ்டிக் பையில் நோட்டுகளைக் கொண்டுவந்து ரோஷன் முன்னால் வைத்து, அந்தக் களவாவை அரிகிற அன்றைக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்றான். ஊர் கொதித்துப் போனது. கைலி கட்டிய எவனாவது ஒரு வேளைச் சோற்றுக்கு இஞ்சினை விற்பானா? அண்ணனின் பேச்சு வேறு ஒருவன் வாயில் வந்து தன் குட்டு உடைந்துவிடக் கூடாது என்று தானே தின்னப் போகிறான் என்றார்கள். தின்றாலும் பேசித்தானே ஆக வேண்டும் என்று ஒருவர் சொன்னதற்கு, அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே குரல், வள்ளத்திலிருந்து கூப்பிட்டால் எவன் கூப்பிடுகிறான் என்று பெற்றவளுக்கே தெரியாது, அவன் இட்டுக்கட்டிப் பேசினால் யார் கண்டுபிடிப்பது என்றார்கள்.

கித்தேரியும் அதையேதான் நினைத்தாள். அன்று சாயங்காலம் அவன் அவள் வாசலுக்கு வந்தான். இஞ்சின் இல்லாததால் கையில் மீன் இல்லை.

"மைனி, நான் திங்கேன். நீங்க தட்டிக்குப் பின்னால நின்னு கேளுங்க. எனக்கும் தெரியணும்லா."

"ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தூங்கிட்டேன் மைனி."

"ஒரு வருசமா இதத்தான சொல்லுத. போ."

அவன் போனான். அவள் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளே தின்னலாம் என்றால், தின்றவருக்குத் தான் பேசியது தெரியாது. ரோஷன் தின்றால், காசுக்கு எதையும் பேசக்கூடியவன். ஊர்க்காரர் யார் தின்றாலும் நாளைக்கே இன்னொருவர் நம்ப மாட்டார். இப்படி ஒவ்வொரு வாயாகத் தள்ளித் தள்ளி வந்து, கடைசியில் ஒரே ஒரு வாய் மிஞ்சியது. தண்ணீர், போதும், வேண்டாம், சாப்பிடு என்று நாலைந்து சொல்லுக்கு மேல் தமிழ் தெரியாத வாய். தெரியாத பாஷையில் ஒருவன் எப்படிப் பொய் சொல்ல முடியும்?

மறுநாள் அவள் ஒக்குமுராவின் முன்னால் போய் நின்றாள். முள்ளைக் காட்டினாள், ஐஸ் பெட்டியைக் காட்டினாள், தன் கழுத்துத் தாலியைக் காட்டினாள், பிறகு அவருடைய வாயைக் காட்டினாள். அவர் முள்ளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, மாட்டேன் என்று தலையை ஆட்டினார். விருந்தாளிக்கு அரிந்த மீனைச் சமையல்காரன் தின்பது அவர்கள் தொழிலில் பெரிய மரியாதைக் கேடு, நாற்பது வருஷமாக விரலாலும் மூக்காலும் பார்த்தே மீனை அறிகிறவர் என்று ரோஷன் ஏற்கனவே ஒரு தடவை சொல்லியிருந்தான். அவள் அடுத்த நாளும் முள்ளைக் காட்டினாள். அதற்கடுத்த நாளும் காட்டினாள். ஏழாம் நாள் அவர் தலையை ஆட்டவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை, கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

எட்டாம் நாள் மதியம் எட்டு நாற்காலிகளில் வெளியூர்க்காரர்கள். ஒன்பதாவதில், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் தஸ்நேவிஸ். வெளியே, ஒன்றும் கேட்காது என்று தெரிந்தும், ஊர் மொத்தமும் சுவரோடு ஒட்டி நின்றது. ஒக்குமுரா களவாவை எடுத்து வந்து, நீளக் கத்தியை ஒரே இழுப்பாக இழுத்து, முதல் துண்டைச் சோற்றின் மேல் வைத்து, ஒரு தட்டில் தஸ்நேவிஸின் முன்னால் வைத்தார். அவன் சிலுவை போட்டுக்கொண்டு கையை நீட்டினான். அப்போது தட்டியை விலக்கிக்கொண்டு, செதிள் ஒட்டிய கையோடு கித்தேரி வெளியே வந்து, அந்தத் தட்டின் மேல் தன் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"நீ திங்காத."

"மைனி, துட்டு குடுத்திருக்கேன்."

"நீ தின்னா நான் நம்ப மாட்டேன். சாவுத தண்டியும் நம்ப மாட்டேன். ஒனக்கு அது வேணுமா?"

ரோஷன் ஓடிவந்தான். விருந்தாளிகளில் ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். கித்தேரி யாரையும் பார்க்கவில்லை, ஒக்குமுராவையே பார்த்தாள். அந்த மனிதர் கத்தியைத் துணியின் மேல் படுக்க வைத்தார். தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தார். பிறகு, நாற்பது வருஷத்து வழக்கத்தைத் தாண்டி, அவள் கையை மெல்ல விலக்கி, அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் வைத்துக்கொண்டார்.

மென்றார். விழுங்கினார். நிமிர்ந்தார். இஞ்ஞாசியின் குரல், ரகசியம் பேசுகிற தணிந்த குரலில், அந்த ஜப்பான்காரரின் வாயிலிருந்து வந்தது.

"ஏ கெழட்டுக் களவா, துள்ளாதடே. சத்தம் போடாத. தம்பி தூங்குதான். நம்ம சிப்பிக்கி மேலுக்கு முடியாம இருக்கையில மூணு ராத்திரி ஆசுபத்திரி வாசல்ல முழிச்சிக் கெடந்தவன், இப்பத்தான் கண்ண மூடுதான். அவன எழுப்ப மாட்டேன் பாத்துக்க. ஒன்ன நான் ஒத்தையிலயே ஏத்துவேன். வா… மெல்ல வா… ஏ, தூண்டில் நரம்பு கையில சுத்திட்டே…"

அதோடு நின்றது. ஒக்குமுரா கண்ணை இமைத்து, தன் வலது மணிக்கட்டை இடது கையால் தடவிக்கொண்டார்.

சிப்பி என்பது மகளுக்கு இஞ்ஞாசி வைத்த செல்லப்பெயர். வீட்டுக்குள் மட்டும், அதுவும் பிள்ளை தூங்கிய பிறகு, கித்தேரியிடம் மட்டும் சொல்கிற பெயர். தம்பிக்குக்கூடத் தெரியாது. கித்தேரி பலகையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வருஷமாக அவன் தூங்கினேன் தூங்கினேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். ஏன் தூங்கினாய் என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் அவளுக்கே தெரிந்திருக்கும். அந்த மூன்று ராத்திரியும் வார்டுக்குள் கட்டிலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கியது அவள்தானே.

தஸ்நேவிஸ் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். "எழுப்பியிருக்கலாம்லா… ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்லா அண்ணன்…" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை நிரபராதி ஆக்கிய பேச்சுதான் அவனைக் கொன்றுகொண்டிருந்தது என்று அவளுக்குப் புரிந்தது. அவன் தலைமேல் கையை வைத்தாள். செதிள் அவன் முடியில் ஒட்டிக்கொண்டது. வைத்த கையை எடுக்கவில்லை.

ரோஷன் மெல்ல, நாற்காலிக்கான பணத்தைப் பற்றி ஏதோ தொடங்கினான். ஒக்குமுரா கல்லாப்பெட்டியிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து, இரண்டு கையாலும் தஸ்நேவிஸின் முன்னால் வைத்து, தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டி, "சாப்பிட… இல்லை. வேண்டாம்" என்றார். அன்று மற்ற எட்டுப் பேருக்கும் களவா கிடைக்கவில்லை. மீதியைத் துணியில் சுற்றி, கடற்கரைக்குத் தூக்கிப்போய், ஊர் பார்க்கக் கடலில் விட்டார்.

ஊர் நம்பியதா என்றால், முக்கால்வாசி நம்பியது. எட்டு நாளில் தஸ்நேவிஸ் ஜப்பான்காரருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டான் என்று இன்றைக்கும் சொல்பவர்கள் உண்டு. கித்தேரி அதற்குப் பதில் சொல்லப் போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை இஞ்ஞாசியின் பெயரைப் பூசைக்குக் கொடுத்தாள். தாலியைக் கழற்றி, செம்புக் கம்பி சுற்றிய முள்ளோடு சேர்த்து ஒரு டப்பாவில் போட்டு மகளிடம் கொடுத்து, "ஒனக்கு ஒங்கப்பா சிப்பின்னு ஒரு பேரு வச்சிருந்தாவ, தெரியுமாட்டி?" என்று கேட்டாள்.

இஞ்சினைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு, புதுக் கூட்டாளி ஒருவனோடு தஸ்நேவிஸ் முதல்முறை கடலுக்குக் கிளம்பிய காலையில், அவள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போய் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தூக்கம் வந்தா தூங்கு" என்றாள். "ஆனா கூட வாரவன்ட்ட, என்ன நடந்தாலும் என்னிய எழுப்புலேன்னு சொல்லிட்டுத் தூங்கு. வாயத் தொறந்து சொல்லு. கமிட்டி கேட்டா மைனி சொன்னான்னு சொல்லு."

சாயங்காலம் வாசற்படியில் ஒரு விளமீன் இருந்தது. பூனைகள் நாலும் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தன. அவள் மீனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கடலில் அவர்கள் என்ன பேசினார்களோ, அது எதைக் கேட்டுவிட்டு வந்ததோ, அவளுக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. எலுமிச்சை அளவு புளியை எடுத்துக் கெட்டியாகக் கரைத்து ஊற்றி, குழம்பு வைத்து, கொதித்ததும் மூடினாள். தஸ்நேவிஸுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்திருந்தாள்.